கடைசியாக மிஞ்சுபவருக்கு எந்த வீடு?

மலாக்காவின் சிம்பாங் அம்பாட் டோலைக் கடந்ததும் ஏ ஃபமோசா ரிசோர்ட்டின் பெயர்ப்பலகைகள் தொடங்கிவிடும். சுமார் 1,300 ஏக்கர் நிலம். 27 குழிக் கோல்ஃப் திடல், நீர் விளையாட்டுப் பூங்கா, விலங்குப் பூங்கா, இவற்றுக்கிடையே நீச்சல் குளத்தோடு கூடிய பங்களாக்கள், அடுக்கு வீடுகள். கோலாலம்பூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் வார இறுதியில் வந்து இளைப்பாறிப் போகட்டும் என்று 1990களில் எழுந்த இந்த வகைக் குடியிருப்புகளை இப்போது வேறொரு வயதுக்காரர்கள் விசாரிக்கிறார்கள். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தாதியாக இருந்தவர், தெனாகாவிலோ வங்கியிலோ முப்பது வருடம் உழைத்தவர். கிள்ளானிலோ காஜாங்கிலோ உள்ள இரட்டை மாடி வீட்டை விற்றால் கையில் கொஞ்சம் பணம் நிற்கும். ரிசோர்ட் இருக்கும் அலோர் காஜா வட்டாரத்தில் வீட்டு விலை குறைவு. ஒரு பிள்ளை கோலாலம்பூரிலும் ஒரு பிள்ளை சிங்கப்பூரிலும் இருந்தால் இருவருக்கும் நடுவில் இருந்ததாகவும் ஆகும். காவல் சாவடி, புல்வெளி, குளம், காலையில் நடக்க நிழலான சாலை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

இந்தக் கேள்வியைப் பலரும் அறுபது வயதில், கணவன் மனைவி இருவரும் திடமாக இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மாலையில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவரோ வேறு ஆள். மலேசியப் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 5 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களில் மனைவி பெரும்பாலும் கணவனைவிட மூன்று நான்கு வயது இளையவர். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், கணவர் ஆசைப்பட்டுத் தேர்ந்த வீட்டில் மனைவி எட்டு ஒன்பது வருடம் தனியாக வாழ வேண்டியிருக்கும் என்பது வெறும் பயமில்லை, சாதாரணக் கணக்கு. அவருக்கு அப்போது எண்பது வயதை ஒட்டியிருக்கும். கார் ஓட்டாதவராகவோ, ஓட்டுவதை விட்டுவிட்டவராகவோ இருப்பார். உல்லாசக் குடியிருப்பு நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை அந்த அம்மாவின் இடத்திலிருந்து பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

ஓய்வுக்காலத்துக்கென்று தனி ஊர் கட்டும் யோசனை அமெரிக்காவில் பிறந்தது. அரிசோனா பாலைவனத்தில் 1954இல் யங்டவுன் என்ற சிற்றூர் முதியோருக்காகத் தொடங்கப்பட்டது. அதற்குப் பக்கத்திலேயே டெல் வெப் என்ற கட்டுமான முதலாளி 1960 ஜனவரி முதல் தேதி சன் சிட்டியைத் திறந்தார். முதல் வார இறுதியில் மட்டும் ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள் என்பது வரலாறு. வெப் செய்த புதுமை, வீட்டைக் கட்டுவதற்கு முன்பே கோல்ஃப் திடலையும் கிளப்பையும் கடைத்தெருவையும் கட்டிக் காட்டியது. அதற்கு முன் முதுமை என்றால் மருந்தும் சாய்வு நாற்காலியும்தான். முதுமையை விடுமுறையாக விற்கலாம் என்று கண்டுபிடித்தவர் அவர். உலகில் இன்று ரிசோர்ட் பாணியில் கட்டப்படும் பல ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்கும் அந்த யோசனையே மூலம். சன் சிட்டியில் குழந்தைகள் குடியிருக்க அனுமதி இல்லை. பள்ளிக்கூடத்துக்காக வரி கட்டவும் அந்த ஊர்க்காரர்கள் மறுத்தார்கள். பள்ளிக் கடன்பத்திர வாக்கெடுப்புகளைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்து, கடைசியில் அந்தப் பள்ளி மாவட்டத்திலிருந்தே பிரிந்துபோனார்கள். பேரப்பிள்ளைகள் இல்லாத ஊர் வேண்டும் என்று கேட்டு வாங்கிய முதியவர்கள் அவர்கள். நம்மவர்கள் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் கேட்காமலே அது கிடைத்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மலேசியாவுக்கு இந்த யோசனை வந்த வழி வேறு. 1996இல் அரசாங்கம் வயதான வெளிநாட்டினரை இங்கே தங்க அழைக்கும் 'சில்வர் ஹேர்' திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அது 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்று பெயர் மாறியது. 2024இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று படியாக்கப்பட்டது. வெள்ளிப் படியில் சேர்பவரே குறைந்தது 600,000 வெள்ளிக்கு வீடு வாங்க வேண்டும், பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது. ஆக, நம் நாட்டு ரிசோர்ட் வீடுகள் பெரும்பாலும் வெளிநாட்டாருக்கோ உள்ளூர்ப் பணக்காரருக்கோ இரண்டாவது வீடாக இருக்கும் என்ற எண்ணத்தில் வரையப்பட்டவை. ஒரே வீடாக வாழப்போகிறவர் அந்த வரைபடத்தில் இல்லை. அகலமான கூடம், படிக்கட்டு, மாடியில் படுக்கையறைகள், கீழே விருந்தினருக்கான கழிப்பறை மட்டும். சக்கர நாற்காலி நுழையும் கதவு வேண்டும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

முதியோருக்கென்றே கட்டப்பட்டவை மலேசியாவில் குறைவு. ஈப்போ மேருவில் இருக்கும் கிரீன் ஏக்கர்ஸ் அவற்றில் முன்னோடி. அங்கே சேர்பவர் வீட்டை வாங்குவதில்லை. ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் குத்தகை உரிமையை வாங்குகிறார். கூச்சிங்கில் ஈடன் ஆன் தி பார்க், வீடுகளையும் பராமரிப்பு இல்லத்தையும் அருகருகே வைத்திருக்கிறது. நடக்க முடியாமல் போனால் ஊர் மாற வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து அலோர் காஜாவில் இப்படி எதுவும் இல்லை. இங்கே இருப்பவை விடுமுறைக்காகக் கட்டப்பட்டு, ஓய்வுக்காலத்துக்கு என்று விற்கப்படும் வீடுகள். இந்த வித்தியாசத்தை விற்பனை அலுவலகம் சொல்லாது.

ஆயுள் குத்தகை முறையில் ஒரு கவனம் தேவை. ஆஸ்திரேலியாவில் இது பல்லாண்டுகளாக நடக்கிறது. அங்கே சேரும்போது கட்டும் தொகையிலிருந்து, வெளியேறும்போது ஒரு பெரும் பங்கைக் குடியிருப்பு நிர்வாகம் பிடித்துக்கொள்ளும். 2017இல் ஏபிசி தொலைக்காட்சி இதை விசாரித்து ஒளிபரப்பிய பிறகு பெரிய சர்ச்சை எழுந்தது. இத்தனைக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1999இலிருந்தும் நியூசிலாந்தில் 2003இலிருந்தும் ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்கென்று தனிச் சட்டம் உண்டு. மலேசியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. 2018இல் தனியார் முதியோர் மருத்துவப் பராமரிப்புக்கு ஒரு சட்டம் நிறைவேறியது. இரண்டும் கவனிப்பு தேவைப்படுகிறவருக்கானவை. நல்ல உடல்நிலையோடு ரிசோர்ட்டில் குடியேறுகிறவர் சட்டத்தின் கண்ணில் இன்னொரு வீட்டு உரிமையாளர், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஓய்வுக்காலக் குடியிருப்புத் துறை கோயம்புத்தூரில் வேரூன்றியது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்க, மிதமான வெயிலும் நல்ல மருத்துவமனைகளும் உள்ள ஊராகப் பார்த்துப் பெற்றோர் குடியேறினார்கள். கோவைகேர், நானா நானி ஹோம்ஸ் என்று வரிசையாக எழுந்தன. சென்னைக்கு அருகே மறைமலைநகரில் வடநாட்டு நிறுவனமான ஆஷியானா ஒன்றைக் கட்டியது. 2019இல் இந்திய வீட்டு வசதி அமைச்சகம் இத்தகைய குடியிருப்புகளுக்கு மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இந்தக் கோவைக் குடியிருப்புகளில் என்னை யோசிக்க வைத்தது பொதுச் சமையல்கூடம். காலை இட்லியிலிருந்து இரவுச் சப்பாத்திவரை அங்கேயே சாப்பிடலாம், வீட்டுக்கும் வரவழைக்கலாம். பார்க்கச் சிறிய வசதி. ஆனால் நம் வீடுகளில் கணவர் அறுபதில் ஓய்வு பெறுகிறார், மனைவி எந்த வயதிலும் ஓய்வு பெறுவதில்லை. பள்ளி ஆசிரியையாக இருந்து பென்ஷன் வாங்குபவரும் அடுப்படியிலிருந்து ஓய்வு பெற்றாரில்லை. பொதுச் சமையல்கூடம் இருக்கும் குடியிருப்பு ஒன்றுதான் இருவருக்கும் ஓய்வு தருகிறது. அலோர் காஜா ரிசோர்ட் வீடுகளில் சமையலறை பெரிது, அடுப்பு நல்லது, மளிகைக் கடைக்குக் கார் எடுக்க வேண்டும். வார இறுதியில் பிள்ளைகள் பன்னிரண்டு பேராக வந்தால் சமைக்கப்போவது யார் என்று அந்த அம்மாவைக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டலாம்.

இந்தக் கேள்வி அலோர் காஜாவில் கேட்கப்படும்போது அதற்கு ஒரு பழைய கனம் உண்டு. மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரானது இந்த மலாக்கா மாநிலத்தில்தான். 1896இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அதை நட்டார். அதற்குப் பிறகு வந்த தோட்டங்களில்தான் நம்முடைய தாத்தா பாட்டிமார் லயத்தில் குடியிருந்தார்கள். கெமுனிங், கடெக், தெபோங், சுங்கை பாரு என்று இன்றும் அந்தப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளோடும் கோவில்களோடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. ஐம்பத்தைந்து வயதில் பெயர் வெட்டப்பட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் அவர்கள் வீட்டில் ஒதுங்கலாம். வாழ்நாள் முழுவதும் ஒரே இடத்தில் உழைத்தவருக்கு முதுமையில் கூரை இல்லை என்பதுதான் தோட்டத் தமிழரின் ஓய்வுக்கால வரலாறு. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கி, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றபோது நிலைமை இன்னும் மோசமானது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். ஓய்வு பெற்றாலும் வெளியேற்ற முடியாத ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பத்து வெள்ளியில் இருந்தது.

அந்த ஏக்கத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று குளம் வைத்த வீட்டை விசாரிக்கிறவர்கள். சொந்தப் பெயரில் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) உள்ள, யாரும் எழுப்பிவிட முடியாத வீடு. இந்த ஆசையை ஆடம்பரம் என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே சமயம், லயத்தில் இல்லாதது எது, இருந்தது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தகரக் கூரை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, கிராணியின் அதட்டல் இவை போனது நல்லது. ஆனால் கோவில், கடை, டிஸ்பென்சரி, பள்ளி எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. காலையில் ஒரு வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டார் எட்டு மணிக்குள் தட்டினார்கள். சொத்துரிமையும் அக்கம்பக்கமும் ஒருங்கே கிடைக்கும் இடம் எது என்பதே உண்மையான தேடல். விற்பனைப் பத்திரத்தில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது.

அக்கம்பக்கத்தை எப்படி அளப்பது? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை வீட்டு வாசலில் கார் நிற்கிறது, எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். உல்லாசக் குடியிருப்புகளில் பெரும்பகுதி வார நாளில் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை இரவு இன்னொரு முறை போங்கள். குளமும் கரோக்கேயும் உள்ள பங்களாக்கள் இணையத்தில் வார இறுதி வாடகைக்கு விடப்படுவது இந்த வட்டாரத்தில் நன்றாக நடக்கும் தொழில். இருபது பேர் ஒரு வீட்டில் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். அதில் தப்பு ஏதுமில்லை, அந்த இடம் அதற்காகவே கட்டப்பட்டது. ஐந்து நாள் வெறிச்சோடியும் இரண்டு நாள் இரைச்சலாகவும் இருக்கும் தெருவில் எண்பது வயது அம்மாவுக்கு அக்கம்பக்கம் என்று யார் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி. சன் சிட்டிக்காரர்கள் சட்டம் போட்டுப் பெற்ற குழந்தையில்லாத தெரு இங்கே இப்படித் தானாக வந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: தமிழ்ப்பள்ளி. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அலோர் காஜா மாவட்டத்தில் பூலாவ் செபாங், ரும்பியா, கெமுனிங் முதலிய இடங்களில் உண்டு. பள்ளி இருக்கும் இடத்தில் இளம் குடும்பங்கள் இருக்கின்றன, கோவிலில் வெள்ளிக்கிழமை பூசை நடக்கிறது, தோசைக் கடையோ பூக்கடையோ இருக்கிறது, வீட்டு வேலைக்கு உதவ ஆள் கிடைக்கிறது, மின்விசிறி நின்றால் பழுது பார்க்க ஒரு பையன் வருகிறான். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு மாலையில் பாடம் சொல்லித்தரப் பத்துப் பிள்ளைகளும் கிடைப்பார்கள். வாங்க நினைக்கும் வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்று பார்ப்பது, பேரப்பிள்ளை படிப்பதற்காக அல்ல. ஊர் உயிரோடு இருக்கிறதா என்று அறிவதற்காக.

மருத்துவம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் எந்த மருத்துவம் என்று பிரித்துப் பேசுவதில்லை. திடீர் நெஞ்சுவலிக்கு அலோர் காஜா அரசு மருத்துவமனை இருக்கிறது. நிபுணர் சிகிச்சை என்றால் மலாக்கா பொது மருத்துவமனை. தனியார் பெரிய மருத்துவமனைகளான மக்கோத்தா, பந்தாய், புத்ரா மூன்றும் மலாக்கா நகரப் பக்கம்தான். அலோர் காஜா ஊரிலிருந்து நகருக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மற்ற மாநிலங்களின் உட்புறத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல நிலை. குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரிடம் 5 வெள்ளி. நம்மவர்களுக்கு அவசர நோயைவிட அன்றாட நோயே பெரிய பிரச்சினை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரில் அது 31.4 விழுக்காடு. நீரிழிவின் அடுத்த படி சிறுநீரகம். டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அதற்குப் போக வர ஒரு வண்டி. வருடத்தில் நூற்றைம்பது தடவைக்கு மேல். வீட்டுக்கு அருகே கோல்ஃப் திடல் எத்தனை குழி என்று கேட்டவர், டயாலிசிஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டர், காலை முறைக்கு இடம் இருக்கிறதா என்றும் கேட்டாக வேண்டும். இந்த வரியைப் படித்து முகம் சுளிப்பவர்கள் தங்கள் உறவில் எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

வண்டி என்றதும் அந்த அம்மா மறுபடி வருகிறார். ரிசோர்ட் குடியிருப்பின் முழு அமைப்பும் கார் ஓட்டுகிறவரை நம்பி இருக்கிறது. கணவர் ஓட்டும்வரை சிரமம் தெரியாது. கண்புரை முற்றியோ, பக்கவாதம் வந்தோ, இறந்தோ அவர் நின்றுவிட்டால் மனைவிக்குக் கோவில், சந்தை, கிளினிக், சிநேகிதி எல்லாம் ஒரே நாளில் தூரமாகிவிடும். மலாக்கா நகரில் அழைத்ததும் வரும் கிராப், செம்பனைக்கு நடுவில் உள்ள ஒரு நுழைவாயிலுக்கு மழை நாளில் இரவு ஒன்பது மணிக்கு வருமா என்பதை வாங்கும் முன் நாமே அழைத்துச் சோதிக்கலாம். இந்த மாவட்டத்துக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு: மலாக்கா மாநிலத்தின் முக்கிய ரயில் நிலையம் பூலாவ் செபாங்கில்தான் இருக்கிறது. தம்பின் நிலையம் என்று பழகிப்போன அது அலோர் காஜா மாவட்டத்துக்குள் இருக்கிறது. சிரம்பான், கோலாலம்பூர் பக்கம் போகிறவருக்கு கம்யூட்டர், ஈடிஎஸ் ரயில்கள் இரண்டும் உண்டு. யாரையும் எதிர்பார்க்காமல் பிள்ளைகளிடம் போய் வர விரும்பும் முதியவர் பூலாவ் செபாங் தாமான்களில் தேடலாம். குளம் இராது. கடை இருக்கும், ரயில் இருக்கும்.

இனிப் பத்திரங்கள். 'கேட்டட்' என்று விளம்பரம் சொல்வதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் முற்றிலும் வேறு. ஸ்ட்ராட்டா கிராண்ட் உள்ள குடியிருப்பில் உள்சாலை, குளம், வேலி எல்லாம் உரிமையாளர்களின் பொதுச் சொத்து. 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் பொருந்தும். பராமரிப்புக் கட்டணத்தைப் பங்கு அலகு பார்த்துப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கும். அதன்மேல் பத்து விழுக்காடு சேமக் கையிருப்பு. கட்டாதவரிடம் வட்டியோடு வசூலிக்க வழி உண்டு. இன்னொரு வகையில் வீடுகள் தனித்தனிக் கிராண்ட் உடையவை. சாலை நகராண்மைக் கழகத்தினுடையது. குடியிருப்பாளர் சங்கம் காவலாளி வைத்துக் கம்பத்தடை போடும். அங்கே சந்தா கட்டச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. பாதிப் பேர் கட்டாமல் விட்டால் காவலாளி போய்விடுவார், தடை மட்டும் நிற்கும். வார இறுதிக்கு மட்டும் வரும் உரிமையாளர்கள் நிறைந்த இடத்தில் கட்டாமல் விடுவோர் எத்தனை பேர் என்று விசாரிப்பது நல்லது. குளமும் கிளப்பும் யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியம். மேம்பாட்டாளருக்குச் சொந்தமானால் நட்டம் வரும் வருடத்தில் அவர் அதை மூடலாம், விற்கலாம். வாங்கும்போது கையெழுத்திடும் உடன்படிக்கைப் பத்திரத்தில் இதெல்லாம் எழுதியிருக்கும். அதைப் படித்தவர்கள் குறைவு.

கூடவே, வீடு என்று நினைத்து வாங்குவது வீடுதானா என்றும் பாருங்கள். 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வாங்கினால் தரைவீட்டை 24 மாதத்தில், அடுக்கு வீட்டை 36 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும், தாமதத்துக்கு இழப்பீடு உண்டு, தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஓட்டல் அறை வகையில் விற்கப்பட்டு, நிறுவனமே வாடகைக்கு எடுத்து வருடம் இத்தனை விழுக்காடு தரும் என்ற வாக்குறுதியோடு வரும் அலகுகளில் இந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. மலாக்காவில் சில நிலங்கள் எம்சிஎல் என்ற மரபுரிமை நிலங்கள். அவற்றை வாங்க எல்லாருக்கும் உரிமை இல்லை. விற்பவர் காட்டும் வழக்கறிஞர் போதாது. நாம் பணம் கொடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கறிஞர் வேண்டும்.

பணக் கணக்கு எளிது, ஆனால் கசப்பு. ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பல ஆண்டுகளாக அடிப்படைச் சேமிப்பு என்று சொல்லி வந்தது 240,000 வெள்ளி. இருபது வருடத்துக்கு மாதம் 1,000 வெள்ளி என்பது அதன் பொருள். அதைப் படிப்படியாக 390,000 ஆக உயர்த்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, சிறப்பு மீட்பு என்ற திட்டங்களில் நாடு முழுவதும் இபிஎஃப்பிலிருந்து 145 பில்லியன் வெள்ளி எடுக்கப்பட்டதில் நம் மக்களின் பங்கும் கரைந்தது. மாதம் ஆயிரமே நிச்சயமில்லாத நிலையில் சேமிப்பு முழுவதையும் வீட்டில் போட்டால், பராமரிப்புக் கட்டணம் வருகிற மாதத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டு பசித்திருக்க வேண்டியதுதான். வங்கிக் கடன் எழுபது வயதுக்குள் முடிய வேண்டும் என்பது பொது விதி. ஐம்பத்தெட்டில் வாங்குபவருக்குப் பன்னிரண்டு வருடம்தான், தவணை கனமாக இருக்கும். அரசு ஊழியராக இருந்தவரின் பென்ஷன் அவர் இறந்த பிறகு துணைவருக்குத் தொடரும். இபிஎஃப் அப்படியில்லை, மிச்சம் இருந்தால்தான் உண்டு. ஆகவே ஒரே தெருவில் வீடு வாங்கும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் ஓய்வு பெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளரும் ஒரே நிலையில் இல்லை. முன்னவர் ரிசோர்ட்டைத் தாங்கலாம். பின்னவர் தாங்குவது சிரமம்.

வீட்டின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து அறை பங்களா பேரப்பிள்ளைகளுக்காக என்று வாங்கப்படுகிறது. பேரப்பிள்ளைகள் தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் வருவார்கள், குளத்தில் குதிப்பார்கள். பதின்மூன்று வயதானதும் வருவது குறையும். அது தாத்தா பாட்டி மேல் பாசக் குறைவில்லை, வயதின் இயல்பு. அறைகள் ஐந்தையும் பெருக்குவது மட்டும் குறையாது.

மாற்றுகள் இல்லாமல் இல்லை. அலோர் காஜா ஊரிலோ டுரியான் துங்கலிலோ மஸ்ஜிட் தானாவிலோ கடைத்தெருவுக்கு நடந்து போகக்கூடிய தாமானில் ஒற்றை மாடி வீடு வாங்கி, மிச்சப் பணத்தில் குளியலறைக்குக் கைப்பிடியும் வாசலுக்குச் சரிவும் போட்டுக்கொள்வது பலருக்கு ரிசோர்ட்டைவிடப் பொருந்தும். நான்கைந்து நண்பர் குடும்பங்கள் ஒரே தெருவில் சேர்ந்து வாங்குவதும் உண்டு. டென்மார்க்கில் 1970களில் கூட்டுக் குடியிருப்புகள் தொடங்கியபோது இதைத்தான் செய்தார்கள், பொதுச் சமையலறையையும் சேர்த்து. சிங்கப்பூர் இதை அரசாங்க வேலையாக எடுத்துக்கொண்டது: 2018இல் திறந்த கம்போங் அட்மிரால்ட்டியில் முதியோர் வீடு, மருத்துவ நிலையம், உணவங்காடி, பாலர் பள்ளி எல்லாம் ஒரே கட்டடத்தில். பாலர் பள்ளியை மறக்காமல் சேர்த்தவர்கள் சன் சிட்டியைப் படித்திருக்க வேண்டும். வசதி இல்லாதவருக்கு இங்கே சமூகநலத் துறையின் முதியோர் உதவித்தொகை, 2025 முதல் மாதம் 600 வெள்ளி. ஆதரவற்றோருக்கு சேங் என்ற ஊரில் உள்ள ருமா ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லம்.  

இவ்வளவுக்குப் பிறகும் ரிசோர்ட்தான் வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. கோல்ஃப் ஆடுபவர், இருவருமே கார் ஓட்டுபவர், பென்ஷன் உள்ளவர், எழுபத்தைந்தில் இன்னொரு முறை வீடு மாறத் தயங்காதவர், இவர்களுக்கு அது பத்து நல்ல வருடங்களைத் தரும். அவர்களும் முதலில் வாடகைக்கு எடுத்து, பள்ளி விடுமுறையில்லாத மூன்று மாதமாவது இருந்து பார்க்கட்டும். காலியாகக் கிடக்கும் வீடுகள் நிறைய இருப்பதால் வாடகை பேசிக் குறைக்கலாம். வாங்கினால் இருவர் பெயரிலும் கிராண்ட் எழுத வேண்டும். உயிலும் எழுத வேண்டும். கணவர் பெயரில் மட்டும் வீடு இருந்து அவர் உயில் இல்லாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி முஸ்லிமல்லாத குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டும் போகும். கணவரின் பெற்றோர் உயிரோடு இருந்தால் மனைவிக்கு நான்கில் ஒன்றுதான். விற்கலாம் என்று ஒரு பிள்ளையும் வார இறுதி வாடகைக்கு விடலாம் என்று இன்னொரு பிள்ளையும் சொன்னால், அந்த வீட்டில் இருந்துகொண்டு பராமரிப்புக் கட்டணம் கட்டிவரும் அம்மாவுக்கு அதைத் தனியாக மறுக்கும் பங்கு இராது. உயில் எழுத வழக்கறிஞர் வாங்கும் தொகை, அந்த வீட்டின் முன்பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.